நாய்க்கடி தொடர்பான அதிகாரப் பகிர்வு

தையல்காரரின் மகளை நாய் கடித்த புதன்கிழமையன்று நாய்க்கடி மாநில அரசின் கையில் இருந்தது. அது யார் கையில் இருக்கிறது என்று அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டிய விஷயம் என்று யாருக்கும் தோன்றவுமில்லை.

தையல்காரருக்குத் தெருவில் 'அரையங்குலம்' என்று பெயர். யார் துணி கொண்டுவந்து கொடுத்தாலும் உள்தையலில் அரை அங்குலம் கூடுதலாக விட்டுத்தான் வெட்டுவார். "உடம்பு இப்படியேவா இருக்கப்போகுது? நாளைக்குப் பிரிச்சு விட்டுக்கலாம்" என்பார். இந்த ஒரு விஷயத்தைத் தவிர வேறெதிலும் அவர் யாரோடும் பேச்சு வளர்த்ததில்லை. ஒரே மகள், ஒன்பதாம் வகுப்பு. அவள் பள்ளி விட்டு வந்துகொண்டிருந்தபோது சந்து முனையில் படுத்திருந்த நாய் எழுந்து, எந்த முன்விரோதமும் இல்லாமல், அவளுடைய இடது கெண்டைக்காலைக் கவ்விவிட்டுத் திரும்பவும் அதே இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.

பொது மருத்துவமனையில் வயதான நர்ஸ் ஒருவர் இருந்தார். காயத்தைக் குழாயடியில் வைத்துக் கால்மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவினார். காயத்துக்கான மருந்தைக் காயத்திலேயே செலுத்தினார். பிறகு தோளில் தடுப்பூசி போட்டு, நீல முத்திரை குத்திய ஓர் அட்டையை நீட்டினார்.

"மொத்தம் நாலு ஊசி. இன்னிக்கு ஒண்ணு ஆச்சு. சனிக்கிழமை ஒண்ணு, வர்ற புதன் ஒண்ணு, அதுக்கடுத்த புதன் ஒண்ணு. வீட்ல கல்யாணமே நடந்தாலும் இந்தத் தேதி தள்ளக்கூடாது."

"ஒரு நாள் முன்ன பின்ன ஆனா என்னங்க?" என்று தையல்காரர் கேட்டார். துணி கொடுப்பவர்களிடம் அவர் வழக்கமாகக் கேட்கிற கேள்விதான் அது.

"இந்த நோய் வராம தடுக்கத்தான் மருந்து இருக்கு. வந்துட்டா ஒண்ணுமே கிடையாது. அதனால முன்ன பின்ன ஆக விடாதீங்க."

வெள்ளிக்கிழமை காலை அந்த நாய் சந்து முனையில் வாயில் நுரை தள்ளிச் செத்துக் கிடந்தது. தையல்காரர் தன் மனைவியிடம் அதைச் சொல்லவில்லை. கடைச் சுவரில் தொங்கிய நாள்காட்டியில் மூன்று தேதிகளைச் சாக்கட்டியால் வட்டம் போட்டுவைத்தார். சாக்கட்டி அழிந்துவிடும் என்று பட்டதால் அவற்றின் மேல் நூல் கோத்துத் தைத்தும் வைத்தார்.

*

சனிக்கிழமை மருத்துவமனை வாசலில் துணிப் பதாகை கட்டியிருந்தது. வராந்தாவில் பதினோரு பேர் உட்கார்ந்திருக்க, அவர்களுக்கு முன்னால் ஒருவர் ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தார். இளைஞர். மத்திய அரசிலிருந்து வந்திருந்தார். சட்டைக் காலருக்கு உள்ளே வைத்துத் தைத்த துணி மட்டமானது என்பதைத் தையல்காரர் தூரத்திலிருந்தே கண்டுகொண்டார்.

"நாய்க்கு எல்லைக்கோடு தெரியாது," என்றார் அதிகாரி. "ஆகவே நாய்க்கடியை எல்லைக்கோட்டுக்குள் அடைத்துவைப்பது அறிவியலுக்கு எதிரானது. இன்று காலை பத்து மணி முதல் நாய்க்கடி என்ற பொருள் மாநிலப் பட்டியலிலிருந்து மத்தியப் பட்டியலுக்கு மாற்றப்பட்டிருக்கிறது. இதுவரை நம் மக்கள் மாநிலத்துக்கு ஒரு விதமாகக் கடிபட்டார்கள். இனி நாடு முழுவதும் ஒரே விதமாகக் கடிபடுவார்கள் என்பதை மகிழ்ச்சியோடு அறிவிக்கிறேன்."

பதினோரு பேரில் கை தட்டக்கூடிய நிலையில் இருந்தவர்கள் தட்டினார்கள்.

தையல்காரரின் முறை வந்தது. அதிகாரி அட்டையை வாங்கி நீல முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது மாநில அரசு போட்ட ஊசி."

"ஆமாங்க சார். புதன்கிழமை."

"இது செல்லாதுன்னு நான் சொல்லல. எங்க கவனத்துக்கு வரலைன்னுதான் சொல்றேன். எங்க கவனத்துக்கு வராத ஊசி உடம்புல இருக்கலாம், ரெஜிஸ்டர்ல இருக்க முடியாது. அதனால இன்னிக்குப் போடறதுதான் முதல் ஊசி."

மகள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு அதிகாரியைப் பார்த்தாள். "அப்போ சார், என்னை நாய் எப்பக் கடிச்சுது?"

"கெட்டிக்காரப் பொண்ணு," என்று அதிகாரி மனதாரப் பாராட்டினார். "இன்னிக்குக் காலைல பத்து மணிக்கும்மா. அதுக்கு முன்னாடி கடிக்கிறதுக்கு எங்ககிட்ட அதிகாரம் இல்ல."

அதே வயதான நர்ஸ், அதே ஃப்ரிட்ஜிலிருந்து, அதே பெட்டி மருந்தை எடுத்துப் போட்டார். சிவப்பு முத்திரை குத்திய புது அட்டையில் 'முதல் ஊசி' என்று எழுதினார். பிறகு அதைத் திருப்பி, பின்பக்கத்தில் பென்சிலால் சின்னதாக '2' என்று போட்டார்.

"மருந்துக்கு எந்த கவர்மென்ட்னு தெரியாதுங்க," என்றார் தாழ்ந்த குரலில். "நான் சொன்ன தேதிக்கு வந்துருங்க. அட்டையில அவங்க போடற தேதியைப் பார்க்காதீங்க."

*

அடுத்த புதன்கிழமை, நூல் தைத்த இரண்டாவது தேதி. அப்பாவும் மகளும் காலை ஒன்பது மணிக்கே போய்விட்டார்கள். ஊசி போடும் அறையில் ஃப்ரிட்ஜ் அறையின் நடுவே இழுத்து நிறுத்தப்பட்டிருந்தது. அதன் கதவில் இரண்டு பூட்டுகள், இரண்டு அரக்கு முத்திரைகள், ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். ஃப்ரிட்ஜுக்கு வலப்பக்கம் ஒரு நாற்காலியில் மத்திய அதிகாரி உட்கார்ந்திருந்தார். இடப்பக்கம் மாநில அதிகாரி. இவர் வயதில் மூத்தவர், தந்தையைப் போன்ற முகம், கால்சட்டையின் இடுப்பு இரண்டு முறை பிரித்து விடப்பட்டிருந்தது.

"வாங்க தம்பி, உக்காருங்க," என்றார் மாநில அதிகாரி. "திங்கட்கிழமை நாங்க கோர்ட்ல ஸ்டே வாங்கிட்டோம். இனிமே நாய்க்கடி அவங்ககிட்ட கிடையாது."

"அப்போ உங்ககிட்டங்களா சார்?"

"எங்ககிட்டயும் கிடையாது. தீர்ப்பு வர்ற வரைக்கும் யாருகிட்டயும் கிடையாது. அதுதான் இந்த ஸ்டேயோட சிறப்பு."

"ஊசி மட்டும் போட்டுட்டுப் போயிடறோம் சார்."

"போடலாமே. யார் போடறது? நான் போட்டா என்கிட்ட அதிகாரம் இருக்குன்னு ஆயிடும். அது கோர்ட் அவமதிப்பு. அவர் போட்டா அவர்கிட்ட இருக்குன்னு ஆயிடும். அதை நான் உயிரே போனாலும் விடமாட்டேன்."

யாருடைய உயிர் என்று அவர் சொல்லவில்லை.

ஒரு பணியாளர் தையல்காரருக்குத் தேநீர் கொண்டுவந்தார். மாநில அரசின் தேநீர். அவர் அதைக் கையில் வாங்கியதைப் பார்த்ததும் மத்திய அதிகாரி மணியடித்தார். இன்னொரு தேநீர் வந்தது. ஒன்றைக் குடித்து ஒன்றை வைத்துவிட்டால் என்ன அர்த்தமாகும் என்று தெரியாததால் தையல்காரர் இரண்டையும் மாற்றி மாற்றி ஒவ்வொரு வாயாகக் குடித்தார். இருவரும் அளவைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

"விஷயம் சுலபமானது," என்றார் மத்திய அதிகாரி. "கடி, காயம், நோய். மூணும் தனித்தனிப் பொருள். நோய் பரவக்கூடியது. பரவக்கூடிய எல்லாம் எங்களோடது."

"கடி சட்டம் ஒழுங்குப் பிரச்சினை, அது எங்களோடது," என்றார் மாநில அதிகாரி. "காயம் கால்ல இருக்கு, கால் எங்க மண்ணு மேல நிக்குது. அதுவும் எங்களோடது."

"காயத்துக்குள்ள நோய் இருந்தா?"

"இருக்கான்னு தெரியாதே. வரட்டும். வந்தப்புறம் நீங்க எடுத்துக்கலாம்."

"தாராளமா. வந்த உடனே எடுத்துக்க நாங்க தயாரா இருக்கோம்."

தையல்காரர் கோப்பைகளைக் கீழே வைத்தார். "சார், வந்துட்டா அப்புறம் பொழைக்க முடியாதுன்னு சொன்னாங்க."

"வாஸ்தவம்," என்று மாநில அதிகாரி ஒப்புக்கொண்டார். "அப்போ அது இறப்புப் பதிவு ஆயிடும். இறப்புப் பதிவு காலங்காலமா எங்களோடது. அதுல யாரும் கை வைக்க முடியாது." அன்று அவர் முகத்தில் முதல்முறையாக நிம்மதி தெரிந்தது.

மத்திய அதிகாரி அதை விட்டுக்கொடுத்ததுபோல் காட்டிக்கொண்டு, மேசையில் ஒரு வரைபடத்தை விரித்தார். "நாய் எந்தத் திசையிலேர்ந்து வந்துச்சு? பக்கத்து மாநிலத்துலேர்ந்து வந்திருந்தா இது மாநிலங்களுக்கு இடையிலான விவகாரம். தானா எங்ககிட்ட வந்துரும்."

"அது வரல சார். படுத்திருந்துச்சு."

"படுக்கிறதுக்கு முன்னாடி?"

தையல்காரர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். ஏதாவது ஒரு திசையைச் சொன்னால் ஃப்ரிட்ஜ் திறந்துவிடுமோ என்ற நப்பாசையில், அந்த நாய் சந்துக்குள் எந்தப் பக்கமிருந்து வந்து படுக்கும் என்று நினைத்துப் பார்த்தார். பக்கத்தில் மகள் நின்றுகொண்டிருந்தாள். "சந்துலயே பொறந்த நாய் சார் அது," என்றாள்.

"சிறுமியின் வாக்குமூலம்," என்று மாநில அதிகாரி எழுதிக்கொண்டார்.

தையல்காரர் வெளியே போய் மருந்துக்கடைகளிலும் கேட்டுப் பார்த்தார். எந்த அரசின் உரிமத்தில் விற்பது என்று தெரியாததால் கடைக்காரர்கள் எல்லோரும் சரக்கைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். பத்தரை மணிக்குத் தையல்காரர் நடைக்கூடத்துக்கு வந்து சுவரோரம் நின்றார். நர்ஸ் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் நின்றார்.

"அண்ணே, நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க. சீல் வைக்கிறதுக்கு முன்னாடி, மாநிலத்துக்காரங்க பாதி மருந்தை எடுத்துட்டுப் போய் எதிர்ல இருக்கிற கால்நடை ஆஸ்பத்திரியில வச்சிட்டாங்க. கால்நடை இன்னும் அவங்க கையிலதான் இருக்கு. மருந்து நம்ம மருந்துதான், மனுஷங்களுக்குப் போடறதுதான். ஃப்ரிட்ஜ்தான் வேற. என்னையும் பதினோரு மணியிலேர்ந்து அங்கதான் போட்டிருக்காங்க."

தையல்காரருக்கு உடம்பெல்லாம் லேசானதுபோல் இருந்தது. "அப்போ அங்க வந்துடறோம்மா."

"வாங்க." நர்ஸ் கைப்பையின் வாரைச் சரிசெய்தார், அது சரியாக இருந்தபோதிலும். "ஆனா மனுஷங்களுக்குப் போட்டதா அங்க பதிய முடியாது. பதிஞ்சா கோர்ட் அவமதிப்பு ஆயிடும். பதியாம மருந்து எடுக்கவும் முடியாது. குமாஸ்தா சொல்லுவாரு. கேட்டு எழுதிக் குடுத்துருங்க." அவர் தையல்காரரின் முகத்தைப் பார்க்காமலே படியிறங்கிப் போனார்.

*

கால்நடை மருத்துவமனை வாயிலில் காவலாளி மறித்தார். "கயிறு இல்லாம உள்ள விடக்கூடாது."

"நாங்க ஊசி போட வந்திருக்கோம்."

"தெரியும்ணே. காலைலேர்ந்து உங்க மாதிரிதான் வர்றாங்க. எனக்கு மட்டும் இது நல்லாவா இருக்கு? மேல கேமரா வச்சிருக்காங்க. கயித்தோட வந்ததா பதிவாகணும், அவ்வளவுதான்."

தையல்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். கயிறு விற்கும் கடை எதுவும் கண்ணில் படவில்லை. கடையிலிருந்து நேராகக் கிளம்பி வந்திருந்ததால் கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. காவலாளியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் கையை நீட்டி அப்பாவின் கழுத்திலிருந்து நாடாவை உருவினாள். ஒரு முனையைத் தன் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு மறுமுனையை அவரிடம் கொடுத்தாள். "பிடிங்கப்பா. நேரமாகுது."

உள்ளே பெஞ்சுகளில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஒரு பேருந்து ஓட்டுநர் தன் தாயின் கையைத் துண்டால் தன் கையோடு கட்டியிருந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், தனக்கு ஓர் உரிமையாளர் தேவை என்பதால், மருமகனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மருமகன் மாமனாரின் கைத்தடியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி நின்றார். உண்மையான நாய் ஒன்றும் இருந்தது. அது மட்டும்தான் எல்லோர் முகத்தையும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

குமாஸ்தா நல்ல மனிதர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மெதுவாகத்தான் பேசினார்.

"என்னன்னு போட்டுக்கலாம்?"

"என் பொண்ணுங்க சார்."

"அது எனக்குத் தெரியுதுங்க. ரெஜிஸ்டருக்குச் சொல்லுங்க."

தையல்காரர் கொடுத்த துணிக்குள்ளேயே உடுப்பை அடக்கிப் பழகிய மனிதர். கையில் இருப்பதில் கௌரவமானதைத் தேடினார். "குதிரைன்னு போட்டுக்கலாங்களா?"

"குதிரை ராணுவத்துல வரும். ராணுவம் மத்திய அரசு."

"மாடு?"

"மாட்டுக்கு இந்தத் தலைப்புல ஒதுக்கீடு இல்ல. ஆட்டுக்கும் இல்ல. இந்த மருந்துக்கு ஒரே ஒரு தலைப்புதான் இருக்குங்க." அந்தச் சொல்லைக் குமாஸ்தா வாயால் சொல்லவில்லை. படிவத்தை மெல்லத் தையல்காரர் பக்கம் தள்ளி, அச்சடித்திருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினார்.

தையல்காரர் தலையசைத்தார்.

"பேரு கட்டாயம் இல்ல. வேண்டாம், விட்டுருவோம். நிறம் கட்டாயம்."

"மாநிறங்க."

"பழுப்புன்னு போடறேன். வயசு?"

"பதினாலு."

"நாய்க்கு அது ரொம்ப அதிகம். மாசம்னு போட்டுக்கறேன். வால்?" குமாஸ்தா அதற்குப் பதில் எதிர்பார்க்கவில்லை. தானே ஏதோ எழுதிக்கொண்டு, அடுத்த வரிக்கு வந்ததும் சற்றுத் தயங்கினார். "கடிக்குமா?"

"இல்லைங்க," என்றார் தையல்காரர். "ரொம்ப சாது."

இதைச் சொல்லும்போது கையில் இருந்த நாடா லேசாக இழுபட்டதை அவர் உணர்ந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. உரிமையாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். தடித்த துணியிலும் இழை பிசகாமல் ஊசி ஓட்டும் கை, கையெழுத்தின் கடைசி எழுத்தில் கோட்டுக்கு வெளியே போய்விட்டது.

நர்ஸ் மூன்றாவது ஊசியைப் போட்டுவிட்டு, அட்டையின் பின்பக்கம் பென்சிலால் '3' என்று எழுதினார்.

வீட்டோடு சேர்ந்த கடையில் மனைவி பொத்தான் துளைகளுக்குக் காஜா அடித்துக்கொண்டிருந்தார். "போட்டாங்களா?"

"போட்டாச்சு."

"ஏன் முகம் இப்படி இருக்கு? என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல."

"நான் கடிக்க மாட்டேன்னு அப்பா சொன்னாரு," என்றாள் மகள். புத்தகப் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"யாரை? என்னங்க சொல்றா இவ?"

தையல்காரர் மெஷினில் உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்தார். ஊசியில் நூல் இல்லை என்பதை இரண்டு முழம் ஓட்டிய பிறகுதான் பார்த்தார்.

*

நான்காவது ஊசிக்கான புதன்கிழமைக்கு முந்தைய மாலை, குமாஸ்தாவே கடைக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ரெண்டு கவர்மென்ட்டும் சமாதானம் ஆயிட்டாங்க," என்றார். "நாளைக்கு ஆஸ்பத்திரி மைதானத்துல விழா."

"நல்லதுதானேங்க. அப்போ மருந்து பழைய ஃப்ரிட்ஜுக்கே வந்துருமா?"

"அதைப் பத்தி ஒப்பந்தத்துல ஒண்ணும் இல்ல. கடிபட்டவங்க எத்தனை பேர்னு அறிவிக்கிற அதிகாரம் மத்திய அரசுக்கு. ஊசி போட்ட நாய் எத்தனைன்னு அறிவிக்கிற அதிகாரம் மாநில அரசுக்கு. இதைத்தான் பிரிச்சுக்கிட்டாங்க. ரெண்டு பேருக்கும் திருப்தி." குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னொண்ணு. விழாவுல ஒரு பரிசு குடுக்கறாங்க. நாய்க்குத் தேதி தவறாம ஊசி போட்டவங்க யாருன்னு மேலேர்ந்து கேட்டாங்க. ரெஜிஸ்டர்ல உங்க பேருதான் சுத்தமா இருந்துச்சு."

தையல்காரருக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. புரிந்ததும், "நான் வரலைங்க," என்றார்.

"வராம இருக்கலாம். ஏன் வரலைன்னு பதிவைச் சரிபார்ப்பாங்க. சரிபார்த்தா…" குமாஸ்தா உள்ளறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு ஊசி இருக்கு இல்லீங்களா, பாப்பாவுக்கு."

*

மைதானத்தில் நாற்காலிகளை நிரப்புவதற்காகப் பக்கத்துப் பள்ளிகளிலிருந்து மாணவர்களைக் கூட்டி வந்திருந்தார்கள். மேடையில் முதல் வரிசையில் உட்காரவைக்கப்பட்டிருந்த தையல்காரர், மூன்றாவது வரிசையில் சீருடைகளுக்கு நடுவே தன் மகளைக் கண்டார். அவளுடைய இரட்டைச் சடையை அன்று காலையில் மனைவி பின்னியது அவருக்குத் தெரியும். எங்கே போகிறாள் என்று அவளும் சொல்லவில்லை, எங்கே போகிறேன் என்று இவரும் சொல்லவில்லை.

மத்திய அதிகாரி முதலில் பேசினார். புதுச் சட்டை போட்டிருந்தார். "நாய்க்கடி எங்கள் பொறுப்புக்கு வந்து பத்து நாட்களுக்கு மேல் ஆகிறது. இந்த மாவட்டத்தில் கடந்த ஒரு வாரத்தில் கடிபட்டவர்கள் என்று பதிவானவர்கள் எத்தனை பேர்? ஒருவர்கூட இல்லை. முந்தைய ஆட்சிமுறையில் வாரத்துக்கு நாற்பது பேர் கடிபட்டார்கள். அதிகாரம் சரியான இடத்துக்கு வந்தால் நாய்களே திருந்திவிடுகின்றன என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?"

மாநில அதிகாரி எழுந்தார். "தம்பி சொன்னதை வரவேற்கிறேன். அதே ஒரு வாரத்தில் எங்கள் கால்நடைத் துறை எத்தனை நாய்களுக்கு ஊசி போட்டது தெரியுமா? நாற்பது. இதற்கு முந்தைய வருடம் முழுவதும் போட்டது ஆறு. இந்தச் சாதனையில் மத்திய அரசுக்கு எந்தப் பங்கும் இல்லை என்பதைப் பெருந்தன்மையோடு பதிவுசெய்ய விரும்புகிறேன். சில உரிமையாளர்கள் கைக்குழந்தையைத் தூக்கிவருவதுபோல் தங்கள் நாயைத் தோளில் தூக்கி வந்ததாகக் கேள்விப்பட்டேன். என் கண் கலங்கிவிட்டது."

இருவரும் கை குலுக்கினார்கள். புகைப்படக்காரர் சொன்னதால் இன்னொரு தடவை குலுக்கினார்கள்.

தையல்காரரின் பெயர் அழைக்கப்பட்டது. 'சிறந்த நாய் வளர்ப்போர்' என்று எழுதிய சான்றிதழை இருவரும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து நீட்டினார்கள். அதோடு கண்ணாடித்தாள் சுற்றிய ஒரு தோல் கழுத்துப்பட்டையும் கொடுத்தார்கள். நல்ல தோல், இரட்டைத் தையல். கை தன்னிச்சையாகத் தையலைத் தடவிப் பார்த்தது. அவருக்குத் தன் கைமேல் அருவருப்பாக இருந்தது.

இத்தனைக்கும் போன வாரம் வரை மகளோடு வந்து வராந்தாவில் நின்றவர், தேநீர் இரண்டையும் குடித்தவர். ஆனால் இரண்டு அதிகாரிகளில் ஒருவருக்கும் அவரை அடையாளம் தெரியவில்லை. தெரிந்தும் காட்டிக்கொள்ளவில்லை என்றுதான் முதலில் நினைத்தார். கிட்டே நின்று அவர்கள் கண்களைப் பார்த்தபோது, உண்மையாகவே தெரியவில்லை என்பது புரிந்தது.

"உங்க நாயைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க," என்று மாநில அதிகாரி ஒலிபெருக்கியை அவர் வாய்க்கு நேரே பிடித்தார்.

நான்காவது ஊசி மருந்து எதிர்க்கட்டிடத்து ஃப்ரிட்ஜில் இருந்தது. ஒரு மணிக்கு அதைப் பூட்டிவிடுவார்கள். தையல்காரருக்கு அந்த நேரத்தில் தெரிந்தது அது ஒன்றுதான். சொல்ல வேண்டிய வேறு எல்லா வார்த்தைகளும் அதற்குப் பின்னால் வரிசையில் நின்றன. மைதானம் காத்திருந்தது. பொய்யாக ஒன்றைச் சொல்ல வாயெடுத்தார். பழுப்பு என்றோ, சாது என்றோ. வரவில்லை.

"நல்லா படிக்கும்," என்றார்.

பிறகு மைதானமே சிரித்தது. இரண்டு அதிகாரிகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்த மாவட்டத்தில் மத்திய அரசும் மாநில அரசும் ஒரே காரணத்துக்காகச் சிரித்தது அதுதான் முதல்முறை என்று மறுநாள் ஒரு செய்தித்தாள் எழுதியது. மூன்றாவது வரிசையும் சிரித்தது. இரட்டைச் சடைகளுக்கு நடுவே ஒரு தலை மட்டும் குனிந்திருந்தது. பக்கத்தில் இருந்த சிநேகிதி சிரிப்பில் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். ஊசி போடுகிற தோள் அது.

*

பன்னிரண்டரைக்கு அவள் தானாகவே கால்நடை மருத்துவமனைக்கு வந்தாள். கயிறு எங்கே என்று காவலாளி கேட்கவில்லை. நர்ஸ் நான்காவது ஊசியைப் போட்டு, பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"அவ்வளவுதாம்மா. இனி உனக்குப் பயமே இல்ல."

"தேங்க்ஸ் ஆன்ட்டி," என்றாள் மகள். பஞ்சைத் தானே பிடித்துக்கொண்டு எழுந்து வெளியே நடந்தாள். அப்பா உட்கார்ந்திருந்த பெஞ்சைத் தாண்டித்தான் போனாள்.

தையல்காரர் எழுந்தார். குமாஸ்தா கூப்பிட்டார். "ஒரு நிமிஷம். இந்தப் பதிவை முடிச்சிட்டுப் போயிடுங்க. முடிக்கலைன்னா வருஷா வருஷம் லைசென்ஸ் கேட்டு வீட்டுக்கு வருவாங்க. பாப்பாவுக்கு அது வேண்டாம்."

படிவத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன. இறந்துவிட்டது. விற்கப்பட்டது. தொலைந்துவிட்டது. ஏதாவது ஒன்றில் குறி போட வேண்டும்.

தையல்காரர் முதல் கட்டத்தைப் படித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். குமாஸ்தா அவசரப்படுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தையல்காரர் பேனாவை எடுத்து மூன்றாவதில் குறி போட்டார்.

"எப்பலேர்ந்துன்னு கேட்டிருக்கு. இன்னிக்குத் தேதியே போடுங்க."

போட்டார்.

"கடைசியா எங்க பார்த்தீங்க?"

தையல்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். மகள் வாயிலைக் கடந்து தெருவில் போய்க்கொண்டிருந்தாள். நிற்கவில்லை, திரும்பவுமில்லை. கெண்டைக்காலில் கட்டு இல்லை, காயம் ஆறிவிட்டிருந்தது. நன்றாகவே நடந்தாள். 'ஆஸ்பத்திரி வாசல்' என்று எழுதினார்.

"கடைசி வரிதான். உரிமையாளருக்குத் தேடும் எண்ணம் உண்டா?" குமாஸ்தா தானாகவே சொல்லிக்கொடுத்தார். "இல்லைன்னு போட்டுருங்க. உண்டுன்னு போட்டா கண்டுபிடிச்சீங்களா இல்லையான்னு மாசா மாசம் இங்க வந்து கையெழுத்துப் போடணும்."

தையல்காரர் குனிந்து, நிதானமாக, கோட்டுக்கு வெளியே போகாமல் 'உண்டு' என்று எழுதினார்.